மின்னணுக் கழிவு யாரிடம் போகிறது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தோழர் போனில் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "நீங்க பண்ற ஆராய்ச்சி முக்கியம்தான் தோழர். ஆனா நம்ம மேடையில வந்து கம்ப்யூட்டர் குப்பையைப் பத்தி என்ன பேசுவீங்க?" நியாயமான கேள்வி. நான் ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் என் நெறியாளரும் இதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு இன்றைக்கே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

என் அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். 1970-களில் பதனிடாத தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடுகள் வந்தன. அதன்பிறகு குரோமியம் போட்டுப் பதனிடும் வேலை பாலாற்றங்கரையில் பெருகியது. காலணியும் கைப்பையும் ஐரோப்பாவுக்குப் போயின, குரோமியம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தங்கியது. அந்த வேலைக்கு யார் போனார்கள்? எங்கள் சேரியிலிருந்து போனார்கள். முஸ்லிம் தெருக்களிலிருந்து போனார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைத் தொட ஊர்த்தெருவிலிருந்து யாரும் வந்ததாக அப்பா சொன்னதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, தூக்கத்திலேயே 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஆட்கள் படித்து, கொஞ்சம் மேலே ஏறி, அந்த இடத்தை விட்டு நகர்ந்தபோது, அங்கே நிற்க இன்னொருவர் கொண்டுவரப்பட்டிருந்தார். இந்த நினைப்போடுதான் நான் மின்னணுக் கழிவைப் பார்க்கப் போனேன். அதனால் குப்பை எங்கே போகிறது என்று கேட்பதை விட, யாரிடம் போகிறது, ஏன் அவரிடம் போகிறது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியிருக்கிறது. 2010-இல் இது 3.4 கோடி டன். 2030-இல் 8.2 கோடி டன்னைத் தொடும் என்கிறார்கள். இதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாக ஆவணம் இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான். மீதியில் ஒரு பகுதி குப்பைமேட்டுக்குப் போகிறது. பெரும்பகுதி யாரோ சிலருடைய கைகளால் பிரிக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, மறுபடியும் உலோகமாகிச் சந்தைக்கு வருகிறது. அதுவும் மறுசுழற்சிதான். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத மறுசுழற்சி.

ஒரு பழைய கம்ப்யூட்டரில் தங்கம், வெள்ளி, பலேடியம், செம்பு எல்லாம் இருக்கின்றன. 2022-இல் தூக்கிப்போடப்பட்ட கருவிகளில் இருந்த உலோகத்தின் மதிப்பு மட்டும் 9,100 கோடி டாலர் என்று அதே அறிக்கை சொல்கிறது. கூடவே காரீயம், காட்மியம், பாதரசம், தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலக்கும் புரோமின் வேதிப்பொருள்கள். தங்கமும் நஞ்சும் ஒரே போர்டில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. இரண்டையும் பிரிப்பதுதான் இந்தத் தொழில். பிரித்த பிறகு எது யாருக்குப் போகிறது என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

உங்களில் பலர் பள்ளிக்கூடத்திலோ ஆவணப்படத்திலோ இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள்: பணக்கார மேற்குலகம் தன் குப்பையைக் கப்பலில் ஏற்றி ஏழை நாடுகளில் கொட்டுகிறது. அந்தக் கதை உலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்தது 2002-இல். பேசல் ஆக்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு, இந்தியாவையும் பாகிஸ்தானையும் சேர்ந்த குழுக்களோடும் இணைந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் குய்யு என்ற ஊரின் படங்கள் அதில் இருந்தன. அடுப்பு மேல் தட்டை வைத்து, அதன்மேல் சர்க்யூட் போர்டைச் சூடாக்கி, சால்டர் உருகியதும் சிப்பைக் குறடால் பிடுங்கி எடுக்கும் பெண்கள். ஆற்றங்கரையில் அமிலத் தொட்டிகள். 2007-இல் ஷாந்தோ பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் குய்யு குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் காரீயம். பக்கத்து ஊரான செந்தியனில் 9.94. அன்றைக்கு உலகம் எச்சரிக்கை அளவாக வைத்திருந்தது 10.

இந்தக் கதை பொய் இல்லை. அபாயகரமான கழிவை நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்த 1989-இல் பேசல் உடன்படிக்கை போடப்பட்டது. அமெரிக்கா அதில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு அனுப்பக்கூடாது என்ற திருத்தம் 1995-இல் ஏற்கப்பட்டு, நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் வரை ஆனது. 24 வருடம்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைத்தான் நான் சந்தேகப்படச் சொல்கிறேன். "வெள்ளைக்காரன் குப்பை" என்று சொல்லிவிட்டால், நம் ஊரில் அந்தக் குப்பை எந்தத் தெருவுக்குப் போகிறது என்ற கேள்வி எழாது. அதே 2024 அறிக்கையைப் பாருங்கள். 6.2 கோடி டன்னில் எல்லை தாண்டிப் போனது 51 லட்சம் டன். பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 33 லட்சம் டன், பணக்கார நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்குக் கணக்கில் வராமல் போகிறது. அது அநியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மீதிப் பதினோரு பங்கு? அது அந்தந்த நாட்டுக்குள்ளேயே ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. கழிவு உண்டாக்குவதில் இன்று முதலிடம் சீனா, அடுத்து அமெரிக்கா, மூன்றாவது இந்தியா. 2022-இல் நம் பங்கு 41 லட்சம் டன்.

குய்யுவிலேயே இதைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் பட்டறை முதலாளிகளாக இருந்தார்கள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து போர்டு சுட்டவர்கள் ஹூனான், சிச்சுவான் போன்ற மாகாணங்களிலிருந்து வந்த ஏழை விவசாயிகள். சீனாவில் 'ஹூகோ' என்ற குடும்பப் பதிவு முறை உண்டு. கிராமத்துப் பதிவோடு பிறந்தவர் நகரத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும், பள்ளி, மருத்துவம் எல்லாவற்றிலும் வெளியாள்தான். பிறப்பால் ஒட்டிக்கொள்ளும் ஒரு முத்திரை. அதைச் சாதி என்று நான் சொல்லமாட்டேன், தீண்டாமை அதில் இல்லை. ஆனாலும் நச்சு வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த முத்திரை செய்கிற வேலை நமக்குப் புதிதில்லை.

சரி, ஏழை நாடுகளில் இப்படி. பணக்கார நாட்டுக்குள் யார் செய்தார்கள்? என் ஆய்வில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். அதனால் இங்கே கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன்.

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சிறைகளுக்கென்று ஒரு அரசுத் தொழிற்கழகம் இருக்கிறது. யுனிகார் என்பது அதன் வணிகப் பெயர். 1990-களின் பிற்பகுதியில் அது மின்னணுக் கழிவு மறுசுழற்சியில் இறங்கியது. அலுவலகங்களும் நிறுவனங்களும் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள் சிறைக்குள் வந்தன. பழைய மானிட்டரில் பிக்சர் டியூப் இருக்கும். ஞாபகம் இருக்கிறதா, நம் வீட்டுப் பழைய டிவியில் பின்னால் கூம்பு மாதிரி இருக்குமே, அது. அந்தக் கண்ணாடியில் கிலோக் கணக்கில் காரீயம். திரையின் உட்பூச்சில் காட்மியம். அதைக் கைதிகள் சுத்தியலால் அடித்து உடைத்தார்கள். சம்பளம் மணிக்கு 23 சென்ட்டிலிருந்து 1 டாலர் 15 சென்ட் வரை.

கலிபோர்னியாவின் ஆட்வாட்டர் சிறையில் பாதுகாப்பு மேலாளராக இருந்த லீராய் ஸ்மித் இதை எதிர்த்துப் புகார் கொடுத்தார். தூசி கைதிகள்மேல் மட்டுமில்லை, காவலர்கள்மேலும் படிந்தது, அவர்கள் வழியாக வீடுகளுக்கும் போனது. புகார் கொடுத்தவரைத்தான் முதலில் துரத்தினார்கள். பிறகு 2006-இல் இடித்துரைத்ததற்காக அரசே அவரைக் கௌரவித்தது. 2010 அக்டோபரில் நீதித்துறையின் கண்காணிப்பு அலுவலகம் நீளமான விசாரணை அறிக்கை வெளியிட்டது. கைதிகளும் ஊழியர்களும் காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் ஆட்பட்டார்கள், எச்சரிக்கைகளை நிர்வாகம் அலட்சியப்படுத்தியது என்று அதில் இருக்கிறது.

இதில் முக்கியமான இடம் எது தெரியுமா? 1865-இல் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய உழைப்பு கூடும். கறுப்பின மக்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம். கூட்டாட்சிச் சிறைகளில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆக, சீனாவுக்குக் கப்பல் விட்ட அதே நாடு, உள்ளூரில் அந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று தேடி அலையவே இல்லை. ஆள் ஏற்கெனவே கம்பிக்குப் பின்னால் இருந்தார். இதற்குப் பெயர் 'பசுமை வேலைவாய்ப்பு', 'கைதிகளுக்குத் திறன் பயிற்சி'. நம் ஊரில் துப்புரவுப் பணியாளர் காலைக் கழுவிவிட்டு, 'தூய்மைக் காவலர்' என்று பட்டம் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

நவீன ஆலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பக்கம் ஹோபோக்கன் என்ற இடத்தில் உலகின் மிகச் சிறந்த உருக்காலைகளில் ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் இருந்து சர்க்யூட் போர்டுகள் அங்கே போகின்றன. தங்கத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் மீட்டுவிடுவார்கள். மறுக்கமாட்டேன், குய்யு அடுப்போடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் அதன் மதிலை ஒட்டி மோரெட்டஸ்பர்க் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அங்குள்ள குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் பரிசோதிக்கிறார்கள். 2020-இல் அளவு திடீரென்று ஏறியது. ஆலை பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தது. அங்கே பரிசோதனை இருக்கிறது, பதிவு இருக்கிறது, நஷ்டஈடு கேட்க முடிகிறது. வித்தியாசம் பெரிது. அப்போதும் மதிலை ஒட்டி இருப்பது தொழிலாளியின் வீடுதான்.

இப்போது கானா. தலைநகர் ஆக்ராவில் அக்போக்புளோஷி என்ற ஸ்கிராப் சந்தை இருந்தது. எரிகிற வயர்க் குவியல், கறும்புகை, அதன் நடுவே ஒரு பையன். இந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 'உலகின் மிகப் பெரிய மின்னணுக் குப்பைமேடு' என்று எழுதிய பத்திரிகைகள் ஏராளம். உண்மையில் அது ஒரு சந்தை. வாங்குவார்கள், விற்பார்கள், பழுது பார்ப்பார்கள், பழைய வண்டி உடைப்பார்கள். வயர் எரிப்பது ஒரு ஓரத்தில் நடந்த வேலை. ஆனால் அந்த ஓரம் கொடியது. 2019-இல் அங்கே மேய்ந்த கோழியின் முட்டையைப் பரிசோதித்த அமைப்புகள், ஒரே ஒரு முட்டை சாப்பிட்டால் டையாக்சினுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் ஒருநாள் வரம்பைப்போல 220 மடங்கு உடம்பில் சேரும் என்றன.

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கானாவின் வடக்கிலிருந்து வந்த தகோம்பா இளைஞர்கள். வடக்கை ஆங்கிலேயர்கள் தெற்கின் சுரங்கங்களுக்கும் கோகோ தோட்டங்களுக்கும் கூலியாள் பிடிக்கும் இடமாகவே வைத்திருந்தார்கள். பள்ளியும் ரயிலும் தெற்கோடு நின்றன. 1994-இல் வடக்கில் நடந்த இனக்கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் பலர், சந்தைக்குப் பக்கத்தில் ஓல்டு ஃபடாமா என்ற குடிசைப் பகுதியில் தங்கினார்கள். நகரத்தார் அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'சோதோம் கொமோரா'. தேவகோபத்தால் எரிந்துபோன பாவிகளின் ஊர்ப்பெயர். ஒரு மனிதர் குடியிருக்கும் இடத்தின் பெயரையே வசவாக்குவது எப்படி என்று 'சேரி' என்ற சொல்லை வைத்து நமக்குத் தெரியும்.

2021 ஜூலை 1-ஆம் தேதி காவல்துறையும் புல்டோசர்களும் வந்து சந்தையைத் தரைமட்டமாக்கின. உலகச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சிலர் மகிழ்ந்தார்கள், அசிங்கமான இடம் ஒழிந்தது என்று. வயர் எரிப்பது ஒழியவில்லை. ஆற்றைத் தாண்டி ஓல்டு ஃபடாமா வீடுகளுக்கு இடையில் போய்விட்டது. முன்பு சந்தையின் ஓரத்தில் எழுந்த புகை இப்போது குழந்தைகள் தூங்கும் இடத்தில். இத்தனைக்கும் கானாவில் 2016-லேயே மின்னணுக் கழிவுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. உலகமெங்கும் எந்த மின்னணுக் கழிவையும் வாங்கும் நாட்டின் முன்அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது என்ற பேசல் திருத்தத்தை, சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து முன்மொழிந்ததே கானாதான். 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. எல்லையில் நியாயம் கேட்ட அரசு, தன் ஊருக்குள் புல்டோசர் விட்டது. நான் கானாவைத் திட்டவில்லை. நமக்கு ரொம்பப் பழக்கமான ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

இனி டெல்லி. சீலம்பூரை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால் கொஞ்சம் சொந்தமாகப் பேசுகிறேன்.

யமுனைக்கு அந்தப் பக்கம், வடகிழக்கு டெல்லி. அவசரநிலைக் காலத்தில் வீடுகள் இடிக்கப்பட்டு நகரத்துக்குள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டவர்கள் பலர் வந்து சேர்ந்த பகுதி அது. பெரும்பாலும் முஸ்லிம்கள், அதிலும் கைத்தொழில் செய்துவந்த பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சாதிகள். கூடவே உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்த தலித் தொழிலாளர்கள். 2020 பிப்ரவரியில் எரிந்த முஸ்தபாபாத்திலும் இதே தொழில் உண்டு. கபாடிகள் கொண்டுவரும் சரக்கு இங்கே பிரிகிறது. பிளாஸ்டிக் ஒரு தெரு, செம்பு ஒரு தெரு, மதர்போர்டு இன்னொரு தெரு. போர்டுகள் லாரி ஏறி மொராதாபாத்துக்குப் போகும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். பித்தளைத் தொழில் நொடித்தபோது, உலையும் அமிலமும் தெரிந்த அந்தக் கைவினைஞர்களிடம் நாட்டின் சர்க்யூட் போர்டுகள் வந்து சேர்ந்தன. ராம்கங்கா ஆற்றங்கரை கறுப்புச் சாம்பலானது.

முதல்தடவை சீலம்பூர் போனபோது நான் ஒரு பெட்டி நிறையக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல ஆராய்ச்சியாளன் அல்லவா! ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், வீட்டு வாசலில் உட்கார்ந்து குறடால் சின்ன மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார். நான் ஆபா என்று கூப்பிட்டேன். கையுறையைப் போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டார். மயிரளவு கம்பி விரலுக்குத் தெரியவில்லையாம். கூலி எடைக்கு. மெதுவாகச் செய்தால் அடுப்பு எரியாது. அடுத்த வாரம் போனபோது அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு அவர் மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதுகிற கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நானும் ஒன்று எழுதியிருந்தேன். அமிலம் கையைத் தின்னும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருடைய பையன் கையைக் காட்டினார்.

ஒரு கருத்தரங்கில் இதைப் பற்றி நான் கட்டுரை வாசித்தேன். தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியர் தோளில் தட்டி, "உங்களுக்கு ஃபீல்டு வொர்க் ரொம்ப சுலபமா இருந்திருக்குமே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் ஹிந்தியே தட்டுத்தடுமாறிப் பேசுகிறவன். எது சுலபமாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உழைப்பை மட்டுமல்லாமல் உழைப்பவர்களையும் சாதி மேல்கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கில் ஆராய்ச்சி செய்பவனுக்கும் ஒரு படி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கு அந்த டீக்கோப்பையோடு புரிந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2011-இல் இந்தியாவில் முதல் மின்னணுக் கழிவு விதிகள் வந்தன. பிறகு 2016. பிறகு 2022 விதிகள், 2023 ஏப்ரல் முதல் அமல். அடிப்படை யோசனை நல்லதுதான்: பொருளை விற்று லாபம் பார்த்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு. நிறுவனம் இதை எப்படி நிறைவேற்றும்? பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடமிருந்து இத்தனை எடைக்குச் சான்றிதழ் வாங்கும். எல்லாம் இணையதளத்தில். குறைந்தபட்ச விலை வைத்ததற்கே பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன, கட்டுப்படியாகவில்லையாம்.

2016 விதிகளில் 'பிரித்தெடுப்பவர்' என்று ஒரு தனி வகை இருந்தது. 2022 விதிகளின் பதிவுமுறையில் தயாரிப்பவர், சந்தைப்படுத்துபவர், பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என்று நான்கே வகைதான். பிரித்தெடுப்பவர் காணோம். ஆபா காணோம். பதிவுபெற்ற ஆலைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அதே கபாடிகளிடமிருந்துதான். வீடு வீடாகப் போய் வாங்குகிற வலை வேறு யாரிடமும் இல்லை. அந்த வேலையின் பலன் சான்றிதழாக மாறி ஆலைக்குப் பணம் வருகிறது. பிரித்த கைக்கு வருவது பழைய எடைக்கூலி. சட்டத்தின் பார்வையில் அந்தக் கை செய்வது மறுசுழற்சியே இல்லை, மாசு.

"ஆனால் அவர்கள் முறை திறமையற்றது தோழர், தங்கம் வீணாகிறதே" என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. பெங்களூருவில் நடந்த ஒரு ஆய்வில், பட்டறைகளின் அமில முறையில் தங்கத்தின் கால் பங்குதான் கிடைத்தது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். காட்டாத இன்னொன்று இருக்கிறது. 2009-இல் பெர்லின் ஆய்வாளர்கள் ஐரோப்பாவின் நவீன இயந்திர ஆலையில், கருவிகளை அப்படியே நொறுக்கித் தரம் பிரிக்கும் கட்டத்தை அளந்தார்கள். அங்கேயும் தங்கத்தில் கால் பங்கு அளவுதான் மீட்கக்கூடிய பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி தூசியிலும் பிளாஸ்டிக்கிலும் இரும்பிலும் கலந்து போனது. இயந்திரம் தோற்கிற அந்த இடத்தில் கை ஜெயிக்கிறது. கழற்றுவதில், பிரிப்பதில், எது எந்த உலோகம் என்று ஒரு தட்டில் கண்டுபிடிப்பதில் சீலம்பூரை மிஞ்ச ஆளில்லை. தோற்பது அமிலத் தொட்டியில். அங்கேதான் உயிரும் போகிறது. அப்படியானால் கழற்றும் வேலையை அவர்களிடமே, அவர்கள் பெயரிலேயே, நல்ல கூலிக்கு வைத்துவிட்டு, அமில வேலையை மட்டும் அவர்கள் தலையிலிருந்து இறக்கிவிடலாம். ஆய்வாளர்கள் இதைப் பல வருடமாகச் சொல்கிறார்கள். நடப்பது தலைகீழாக இருக்கிறது. லாபம் தரும் பகுதி முறைப்படுத்தப்படுகிறது, தொட்டி அப்படியே சந்துக்குள் இருக்கிறது. அதிகாரிகள் வந்து சீல் வைத்தால் இன்னும் உள்ளே நகர்கிறது, ஆக்ராவில் நகர்ந்த மாதிரி.

ஒன்று சொல்லி எச்சரிக்க வேண்டும். இந்த வேலை இவர்களுடைய பரம்பரைத் திறமை, இவர்களிடமே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது குலக்கல்விப் பேச்சு. என் அப்பா தோல் தொட்டியிலிருந்து வெளியே வந்ததால்தான் நான் இங்கே நிற்கிறேன். ஆபாவின் பேத்தி கணினி படிக்கிறாள். அவள் இந்தக் குறடைத் தொடக்கூடாது என்பதில் ஆபாவுக்கு என்னைவிட உறுதி இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இன்றைக்கே கூலியும் மருத்துவமும் பதிவும் வேண்டும். வெளியேறும் வழியும் அவர்கள் கையில் இருக்க வேண்டும், புல்டோசர் கையில் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. 2022 விதிகளில் நான்கு வகைக்குள் அவர்கள் இல்லை என்று சொன்னேன். ஆனால் மாநில அரசின் பொறுப்புகள் என்ற பகுதியில் சில வரிகள் இருக்கின்றன, 2016-இலிருந்தே இருக்கின்றன. பிரித்தெடுப்பிலும் மறுசுழற்சியிலும் ஈடுபட்ட தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும். அவர்கள் குழுவாகச் சேர்ந்து கூடம் அமைக்க உதவ வேண்டும். பயிற்சி தர வேண்டும். அவர்களுடைய உடல்நலத்தையும் பாதுகாப்பையும் ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும். பொறுப்பு தொழிலாளர் துறைக்கு. தொழிற்பேட்டையில் இடம் ஒதுக்குவது தொழில் துறைக்கு. பத்து பன்னிரண்டு வரிதான்.

ரிச்சி தெருவில் வாங்குவது கெட்டுப்போனால் கடைசியில் நம் ஊர்க் காயலான் கடைகளுக்குத்தான் வருகிறது. அங்கே பின்கட்டில் உட்கார்ந்து பிரிக்கிறவர்கள் எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்கள், இந்த வரிகளின்படி நம் மாவட்டத்தில் யாராவது பதிவு செய்யப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டு ஒரு தகவல் உரிமை மனு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பகுதியைத் தமிழிலும் பெயர்த்திருக்கிறோம், என் மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், சட்டம் படிக்கிற தோழர்கள் திருத்திக்கொடுங்கள். இருபது நகல்கள் வாசலில் புத்தக மேசைமேல் இருக்கின்றன. ஒரு மாவட்டத்துக்கு ஒருவராவது எடுத்துப் போனால் போதும். மனுவோடு பத்து ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்ட மறந்துவிடாதீர்கள், எனது முதல் மனு அதனால்தான் திரும்பி வந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.